கோன் ஃபில்டர் மாட்டினால் கார் பறக்குமா?

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டாலும் சரி, இணையக் கடைகளில் தேடினாலும் சரி, சில ஆயிரம் ரூபாய்க்குள் ‘பவர் கூட்டும்’ பொருள்கள் வரிசையாக வந்து நிற்கும். சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் கோன் ஃபில்டர், காற்றுக் குழாய்க்குள் செருகும் தகட்டு இறக்கை, பேட்டரியில் ஓடும் ‘எலெக்ட்ரிக் டர்போ’ விசிறி. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: கம்பெனி வைத்த ஏர் ஃபில்டர் இன்ஜினின் மூக்கைப் பொத்துகிறது, அதை எடுத்துவிட்டால் வண்டி சீறும். இவற்றை வாங்குகிறவர்களில் பலர் முதல் கார் வாங்கிய இளைஞர்கள், வண்டியை உயிராக நேசிக்கிறவர்கள். அவர்களுடைய காசு போவதைவிட இன்ஜின் தேய்வதுதான் எனக்குக் கவலை. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: கம்பெனி ஃபில்டர் காற்றை அடைக்கிறது

1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது அதிகபட்சம் 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். அதாவது நொடிக்கு 60 லிட்டர். இந்த அளவுக்கு ஈடுகொடுக்கத்தான் காகித ஃபில்டரை மடிப்பு மடிப்பாகச் செய்கிறார்கள். மடிப்புகளைப் பிரித்து விரித்தால் அந்தக் காகிதம் பெட்டியின் வாயைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.

இருந்தாலும் ஓரளவு தடை இருக்கத்தான் செய்யும். அது எவ்வளவு என்று அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ‘ப’ வடிவில் வளைத்து, பாதிவரை சாயத்தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள குழாயில் காற்றுக் கசியாமல் பொருத்துங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். குழாய் போதிய உயரம் இருக்க வேண்டும், தண்ணீர் இன்ஜின் பக்கம் ஏறிவிடக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். எனவே 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு சதவீத இழப்பு.

உங்கள் காரில் வித்தியாசம் 30 சென்டிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தாலும் கிடைக்கக்கூடியது சுமார் மூன்று சதவீதம். 80 பிஹெச்பி காரில் அது இரண்டரை பிஹெச்பிகூட இல்லை. புதிதாக மாட்டும் ஃபில்டருக்கும் தனக்கென ஒரு தடை உண்டு, ஆகவே அந்த மூன்றும் முழுதாகக் கைக்கு வராது. அதுவும் உச்ச வேகச் சுற்றில் மட்டும்தான். காற்றோட்டம் பாதியானால் தடை ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்துவிடும். அண்ணா சாலை நெரிசலில் 2,000 சுற்றில் ஊரும் காருக்கு இதில் லாபம் என்று சொல்ல எதுவுமே இல்லை.

ஓர் ஒப்பீட்டைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத காரின் திறனும் கூடவே குறைகிறது. அந்த அளவு இழப்பைத்தான் சாதாரண ஓட்டுநர் இருக்கையில் தெளிவாக உணர்கிறார். ஒன்றிரண்டு சதவீதம் அப்படி உணரக்கூடியது அல்ல.

நம்பிக்கை: குளிர்ந்த காற்று கூடுதல் பவர்

இது உண்மை. வெப்பம் மூன்று டிகிரி செல்சியஸ் குறைந்தால் காற்றின் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது. ஆனால் மலிவான கோன் ஃபில்டர் செய்வது நேர் எதிரான வேலை. கம்பெனி கார்கள் பலவற்றில் காற்று வாய் முன்புற கிரில்லுக்குப் பின்னாலோ சக்கர மட்கார்டு ஓரத்திலோ இருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, மூடாத கோனை பானட்டுக்குள் வைத்தால், அது இழுப்பது ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் சூடாக்கிய காற்றை. மே மாத நெரிசலில் பானட்டுக்குள் வெளியைவிட 30 டிகிரி கூடுதல் என்றால், ஏறக்குறைய பத்து சதவீத அடர்த்தி போயிற்று. தடையைக் குறைத்து மீட்டதைவிட இது பல மடங்கு அதிகம். இன்ஜின் திறனை அளக்கும் டைனோ மேடையில் பானட்டைத் திறந்து, பெரிய விசிறியை எதிரே வைத்து எடுத்த எண்களைக் காட்டி விற்பார்கள். சாலையில் யாரும் பானட்டைத் திறந்துவைத்து ஓட்டுவதில்லை.

குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கும் கிட்டுகளும் உண்டு. வெள்ளம் பார்த்த நம் ஊர்களுக்கு இது மிக ஆபத்தானது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நின்ற தண்ணீரை நினைத்துப் பாருங்கள். தண்ணீரைக் காற்றைப்போல அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் அது புகுந்த நிலையில் இன்ஜின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற தனிக் காப்பீடு எடுக்காதவர்களுக்கு இந்தச் செலவு பொதுவாகக் கிடைப்பதும் இல்லை.

நம்பிக்கை: மைலேஜாவது கூடும்

கூடாது. பெட்ரோல் காரில் நீங்கள் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது த்ராட்டில் தகடே காற்றை மறித்து நிற்கிறது. அதற்கு முன்னால் தடை கொஞ்சம் குறைந்தால், அதே வேகத்துக்குத் தகடு கொஞ்சம் குறைவாகத் திறக்கும், அவ்வளவுதான். அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டது. எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. பிக்கப் மட்டும் குறைந்தது. அந்தப் பிக்கப்பை மீட்டது புதிய சாதாரண ஃபில்டர்தான்.

பலருக்கு ‘வித்தியாசம் தெரிகிறது’ என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிப் புழுதி படிந்த பழைய ஃபில்டரை எடுத்த இடத்தில்தான் புதியது உட்கார்கிறது. இன்னொரு காரணம் சத்தம். கம்பெனிப் பெட்டியும் அதோடு சேர்ந்த ரெசொனேட்டரும் இன்ஜின் காற்றை உறிஞ்சும் ஓசையை அடக்குகின்றன. அவற்றை எடுத்ததும் உறுமல் கேட்கிறது, காது அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஓசை பிடித்திருந்தால் அது நியாயமான ஆசை, அதற்காக மாட்டுகிறேன் என்றால் எனக்குப் புரிகிறது. பவருக்காக என்றால் ஸ்டாப்வாட்ச் வைத்து, அதே சாலையில், அதே வெப்பத்தில், மாட்டும் முன்பும் பின்பும் பலமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தகட்டு இறக்கைகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அவை கிளப்பும் சுழல் த்ராட்டிலைத் தாண்டும்போதே சிதைந்துவிடும். மிச்சம் இருப்பது கூடுதல் தடை.

‘எலெக்ட்ரிக் டர்போ’ விசிறியை வாட் கணக்கிலேயே தீர்த்துவிடலாம். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 60 வாட். சின்ன 1.2 லிட்டர் இன்ஜினுக்கே வெளி அழுத்தத்தைவிடப் பாதி கூடுதலாகக் காற்றை அடைக்க உச்சச் சுற்றில் சுமார் 5,000 வாட் வேண்டும். மின்சார கம்ப்ரசர் என்பது மெய்யான தொழில்நுட்பமே. ஆடி நிறுவனம் 2016-இல் எஸ்க்யூ7 டீசல் காரில் அதை வைத்தது. அதற்கென்றே 48 வோல்ட் மின்னமைப்பு கொடுத்தார்கள், மோட்டார் 7 கிலோவாட். கைக்கு அடக்கமான விசிறி அந்த வேலையைச் செய்யாது. முழு மிதியில் குழாய்க்குள் குறுக்கே நிற்கும் தடையாக மட்டும் இருக்கும்.

யாரும் சொல்லாத விலை

புழுதிதான். நம் சாலைத் தூசியில் நிறைய இருப்பது சிலிக்கா, மணலின் கடினப் பொருள். மலிவான கோன் காற்றைத் தாராளமாக விடுகிறது என்றால் பல நேரங்களில் துகள்களையும் தாராளமாக விடுகிறது என்று பொருள். அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புக்காகிதம்போல் தேய்க்கும், டர்போ காரில் கம்ப்ரசர் இறக்கையையும் அரிக்கும். எண்ணெய் தடவும் பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால், காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார்களில் அதன் மெல்லிய கம்பியில் படிந்து அளவு தப்பும். தேய்மானம் ஒரே நாளில் தெரியாது. சில வருடம் கழித்து ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போது யாரும் ஃபில்டரைச் சந்தேகப்படுவதில்லை.

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ஓடும் பந்தயக் கார்களில் காற்றுப் பாதையை மாற்றுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ஈசியூ எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, எப்போதும் உச்சச் சுற்றில் ஓட்டி, இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு சதவீதமும் பலன் தரும். ஆபீசுக்கும் ஊருக்கும் போய்வரும் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சில நூறு ரூபாய் காகித ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன கெடுவில் மாற்றுங்கள். மண் சாலையில் ஓடும் வண்டியென்றால் அதற்கும் முன்பே. ஏற்கெனவே கோன் மாட்டியிருந்தால், கழற்றிய பழைய பெட்டி வீட்டில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.