கடிதம் வீட்டிலா, போஸ்ட் ஆபீஸிலா? – கம்ப்யூட்டர் மெயில் பற்றி ஒரு பாடம்



கூட்டமைப்பு ஆபீசுக்கு வரும்போது, "எந்நேரமும் அந்தப் பொட்டியில இன்னா மேடம் பாக்கறீங்க?" என்று கேட்கிறீர்கள். பேங்கின் கடன் ஒப்புதல் கடிதம், மாட்டு இன்சூரன்ஸ் பட்டியல் எல்லாம் இப்போது ஈ-மெயிலில்தான் வருகிறது. எல்லாம் உங்கள் பணக் கணக்கு. அதனால் அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

மெயில் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இன்டர்நெட்டில் போய் ஜிமெயிலைத் திறப்பது. இன்னொன்று, கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்த மெயில் புரோகிராம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கூடவே வந்தது. 2004-ல் வந்த தண்டர்பேர்டு இன்றும் இலவசம். 2005-ல் மத்திய அரசு வெளியிட்ட இலவசத் தமிழ் சி.டி.யில் 'கொலம்பா' என்ற மெயில் புரோகிராம் தமிழிலேயே இருந்தது.

திண்டிவனத்தில் பட்ட பாடு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திண்டிவனம் பக்கம் ஒரு கூட்டமைப்பு ஆபீஸ். கரண்ட் போய்ப் போய் வந்ததில் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. மூன்று வருஷ மெயில் அதோடு போச்சு. கடன் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்று ஜிமெயிலில் தேடினால் அங்கேயும் காலி! கடைசியில் ஒரு குழுவின் பிரதிநிதி பிரிண்ட் எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஏன் அப்படி ஆச்சு? மெயிலை இறக்குவதற்கு 'பாப்', 'ஐமேப்' என்று இரண்டு முறை உண்டு. பாப் என்பது போஸ்ட் ஆபீஸ் பெட்டியில் உள்ள கடிதத்தை வீட்டுக்குக் கொண்டு வருவது மாதிரி. பிரதி ஒன்றை அங்கேயே விடச் சொல்லி அமைக்காவிட்டால், பல புரோகிராம்களில் அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. ஐமேப் முறையில் கடிதம் அங்கேயும் இருக்கும், நம் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருக்கும். ஆனால் கவனம்! இதில் ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துபோகும்.

விழுப்புரத்தில் கிடைத்த பலன்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம் ஆபீசில் நெட்டும் இல்லை, போன் டவரும் இல்லை. மாடு செத்துப்போன ஒரு சகோதரி ஓடி வந்தார். "அக்கா, பாலிசி பேப்பரு ஊறிப்போயி மாவாட்டம் ஆயிடுச்சு. நம்பரு கூடத் தெரியல" என்று அழுதார். லேப்டாப்பில் பேட்டரி கொஞ்சம் இருந்தது. மெயில் புரோகிராமைத் திறந்து தேடினோம். பாலிசி நம்பர், காது வில்லை நம்பர் இரண்டும் கிடைத்தன. எழுதிக் கொடுத்து கால்நடை டாக்டரிடம் அனுப்பினோம். நெட் இல்லாமலும் பழைய கடிதத்தைப் படிக்கலாம் என்பதுதான் இந்தப் புரோகிராமின் பெரிய பலம். நாலைந்து முகவரி மெயிலை ஒரே இடத்தில் பார்ப்பதும் சுலபம்.

தொல்லைகளும் உண்டு

• பழைய புரோகிராமில் பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் ஜிமெயில் திறக்காது. 2022-லிருந்து பாதுகாப்புக்காக விதியைப் படிப்படியாக இறுக்கிவிட்டார்கள். புரோகிராமைப் புதுப்பித்தால் சரியாகும்.

• பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

• கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரிந்தவர் எல்லோரும் அதிலுள்ள மெயிலைப் படிக்கலாம். அதனால் கம்ப்யூட்டருக்கே பாஸ்வேர்டு வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

1. ஆபீசில் ஐமேப் முறையா, பாப் முறையா என்று கேளுங்கள். பாப் என்றால் 'சர்வரில் பிரதி விடு' என்று அமைக்கச் சொல்லுங்கள்.

2. மாதம் ஒருமுறை மெயில் முழுவதையும் தனி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து வேறு ஒருவர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளத்தில் லேப்டாப் நனைந்திருந்தால் நம் கதி என்ன?

3. கடன், இன்சூரன்ஸ் கடிதங்களைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போடுங்கள்.

4. பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மூடிய கவரில் எழுதி, தலைவியும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வையுங்கள்.

பீரோ சாவி யாரிடம் என்று நமக்குத் தெரியும். மெயில் சாவி யாரிடம்? அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.