மகனுக்குச் சொன்னது எனக்கும் பொருந்துமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன வயதில் அவன் எப்படி என்று சைக்காலஜிஸ்ட் கேட்கக் கேட்க, பாதி என்னைப் பற்றியே கேட்பதுபோல் இருந்தது. மிக்சி சத்தம் எனக்கு இன்றும் ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. இணையத்தில் 50 கேள்விகள் கொண்ட பரிசோதனையில் 35 வந்தது. எனக்கு வயது 38, வங்கி வேலை. "இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்கிறார் கணவர். "உன்கிட்டேருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்கு" என்கிறார் மாமியார்.
- வாசகி, திருச்சி

பதில்: மாமியாரிடமிருந்தே தொடங்குவோம். ஆட்டிசத்தில் மரபணுவுக்குப் பங்குண்டு என்பதை 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையர்களை ஆராய்ந்து காட்டினார்கள். ஆனால் பெரும்பாலும் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. அப்பா வழியிலும் வரும். 1950, 60களில் மேலைநாட்டு நிபுணர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மாமியார் அவ்வளவு தூரம் போகவில்லை!

நீங்கள் செய்தது 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழு வெளியிட்ட கேள்வித்தாளாக இருக்கலாம். அதில் 32 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையாகப் பார்ப்பது நல்லது. ஆனால் அது வெறும் சல்லடை. கூட்டத்தைக் கண்டு பதறும் சுபாவம், ஏடிஎச்டி, ஓசிடி எல்லாம்கூட அந்த எண்ணை ஏற்றிவிடும். மாறாக, எப்படிச் சிரிக்க வேண்டும், எப்போது நலம் விசாரிக்க வேண்டும் என்று மற்றவர்களைப் பார்த்தே பழகிக்கொண்ட பெண்கள் பலர் நிபுணர் கண்ணுக்கே தப்பிவிடுகிறார்கள். அந்த நடிப்புக்கு ஆகும் செலவுதான் மறுநாள் களைப்பு என்று இப்போதைய ஆய்வுகள் பேசுகின்றன. உங்களுக்கும் அப்படித்தானா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு உங்கள் குழந்தைப்பருவம் தேவை. அறிகுறிகள் சிறுவயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அம்மா இருந்தால் அழைத்துப் போங்கள். பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் ஏதும் எழுதியிருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்து என்ன பயன்? மனச்சோர்வு என்று மாத்திரை சாப்பிட்டும் தீராதவருக்கு, கவுன்ட்டர் வேலையிலிருந்து மாற்றம் கேட்க நினைப்பவருக்குப் பயன் உண்டு. அப்படி எதுவும் இல்லையென்றால் அவசரமில்லை. காதை அடைக்கும் ஹெட்போன் வாங்க யார் கையெழுத்தும் வேண்டாம். ஒன்று: அரசு தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேறு விஷயம். அதற்கான 40 அம்ச இந்திய அளவுகோலில் 70 மதிப்பெண் வர வேண்டும். வங்கியில் வேலை பார்க்கும் நீங்கள் அதை எட்டாமல் போகலாம். அதனால் உங்கள் சிரமம் பொய்யாகிவிடாது.

மகன் விஷயத்தில் காத்திருக்க வேண்டாம். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வில், சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோர் பிள்ளையுடன் விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளை காட்டும் சின்னச் சின்ன சைகையைப் பிடித்துப் பதில் தரப் பெற்றோர் பழகினார்கள். பிள்ளைகளும் தாமாகவே அவர்களை நாடுவது கூடியது. மகனைப் பார்க்கும் சைக்காலஜிஸ்ட்டிடம் இதைக் கேளுங்கள். உங்களுக்கு என்றால், பெரியவர்களையும் பரிசோதிப்பவரா என்று போனிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பலர் குழந்தைகளை மட்டும்தான் பார்க்கிறார்கள்.