சோற்றைக் குறைப்பதா, எண்ணெயைக் குறைப்பதா?

2016 ஏப்ரலில் சிங்கப்பூரின் அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தார். மறுமாதமே சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸீ யூங் காங், சிங்கப்பூரர்கள் இனிப்புப் பானங்களைவிட வெள்ளைச் சோற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்றார். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு அவர் பேச்சுக்குப் பின்னால் இருந்தது. தினமும் சாப்பிடும் வெள்ளைச் சோற்றில் ஒவ்வொரு பரிமாறல் கூடும்போதும் நீரிழிவு வரும் வாய்ப்பு 11 சதவீதம் கூடுகிறது என்றது அது.

ஏறக்குறைய அதே காலத்தில் தமிழ்நாட்டில் நியாண்டர் செல்வன் எழுதிய பேலியோ நூலும் ஃபேஸ்புக் குழுவும் வேறொரு அலையைக் கிளப்பியிருந்தன. சோறு, சப்பாத்தி, இட்லி எல்லாவற்றையும் ஒதுக்கு; முட்டை, இறைச்சி, வெண்ணெய், நூறு பாதாம் சாப்பிடு என்றது அந்த அலை. ஆக, லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்கும் குடும்பத்துக்கு ஒரு காதில் ‘சோற்றைக் குறை’, இன்னொரு காதில் ‘நெய்யைக் கூட்டு’. குடும்ப மருத்துவரோ ‘கொழுப்பு ஏறியிருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கள்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கேள்வி நம்மவர்களுக்கு அவசரமானது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 சதவீதம்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. நாளொன்றுக்கு 2,000 கலோரி போதும் என்கிறவருக்கு அதில் பாதி மாவுச்சத்திலிருந்து வந்தால் அது 250 கிராம். மொத்தக் கொழுப்பு நாளின் கலோரியில் 30 சதவீதத்தையும், நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வரையறுத்தது. அதாவது மொத்தம் சுமார் 67 கிராம். அதற்குள் நிறைவுற்றது 22 கிராம். கால் கிலோ வெந்த சோற்றில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வாழை இலையில் இரண்டாம் முறை சோறு விழுந்தால் அந்த ஒரு வேளையிலேயே நாளின் பங்கில் பாதியை நெருங்கிவிடலாம்.

இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பழைய வழி: சோறும் இட்லியும் முதன்மை, எண்ணெய் குறைவு. இரண்டாவது, மாவுச்சத்தை அடியோடு வெட்டிக் கொழுப்பை ஏற்றுவது. மூன்றாவது, வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய ஆரோக்கியத் தட்டு: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், மிச்சக் கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு, தௌக்வா எனும் கெட்டி டோஃபு போன்றவை.

பழைய வழியை ஒரேயடியாகப் பழிக்க வேண்டியதில்லை. இட்லியில் எண்ணெய் கிட்டத்தட்ட இல்லை. உடலுழைப்பு உள்ளவருக்கு, சர்க்கரை அளவு சரியாக இருப்பவருக்கு, அளவான சோறும் நிறையக் காயும் போட்ட சாம்பாரும் நல்ல சாப்பாடுதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று நினைக்கிறோம். ஒரு கரண்டியில் விழுவது பெரும்பாலும் தண்ணீர். புரதம் அடிபடுகிறது, பசி சீக்கிரம் திரும்புகிறது, அந்த இடத்தைச் சோறே மறுபடி நிரப்புகிறது.

‘அதனால்தான் நாங்கள் சப்பாத்திக்கு மாறிவிட்டோம்’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த, சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின் உணவுக் கட்டுரை 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள். அந்த மொத்தத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ போட்டால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றும்போதுதான் குறைகிறது. இரவில் நாலு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு ‘டயட்டில் இருக்கிறேன்’ என்று சொல்வது மனதுக்குத் தெம்பு தரும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழிக்கும் நியாயம் உண்டு. மாவுச்சத்தை வெட்டினால் பலருக்கு எடை விரைவாக இறங்குகிறது, சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவதும் குறைகிறது. ஆனால் நூறு பாதாமில் 700 கலோரிக்குக் குறையாது, கொழுப்பு மட்டும் 60 கிராம் அளவுக்கு வரும். ஒரு நாள் கொழுப்புக் கணக்கு கிட்டத்தட்ட அதிலேயே முடிந்துவிடும். 2018இல் லான்செட் பொது சுகாதார இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மாவுச்சத்திலிருந்து 50 முதல் 55 சதவீதம் கலோரி பெற்றவர்களிடையே இறப்பு மிகக் குறைவாக இருந்ததைக் கண்டது. மிகவும் கூடினாலும் கெடுதல், மிகவும் குறைந்தாலும் கெடுதல். மாவுச்சத்தின் இடத்தை ஆட்டிறைச்சியும் கோழியும் பிடித்தவர்களிடம் இறப்பு கூடியது. காய்கறிகளும் கொட்டைகளும் பிடித்தவர்களிடம் குறைந்தது. வெட்டிய இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன்.

மருந்து எடுப்பவர்கள் இந்த வழியில் தாமாக இறங்கக்கூடாது. இன்சுலினோ கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் அபாயம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இறைச்சி கூடுவதே சிக்கல். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகுதான் தட்டை மாற்ற வேண்டும்.

மூன்றாவது வழிதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் தீர்ப்பு. ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு 2022இல் சொன்ன விகிதமும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20, கொழுப்பு 21 முதல் 26 என்றது அது. ஆனால் வாரியத்தின் தட்டைக் கடையில் யாரும் வைத்துக் கொடுப்பதில்லை. கடையில் தேர்வு செய்ய வேறொரு கேள்வி உதவும்: இந்தச் சாப்பாட்டில் மாவும் கொழுப்பும் ஒன்றாக ஏறி வருகின்றனவா?

தேக்கா நிலையத்தில் பரோட்டா போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மைதா உருண்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன. எண்ணெய் தடவிய மேடையில் ஓர் உருண்டையை அடித்து, வீசி, கண்ணாடிபோல் விரித்து, மேலே மார்ஜரினோ நெய்யோ தொட்டு மடிக்கிறார்கள். கல்லில் விழுந்ததும் ஓரத்தில் இன்னொரு கரண்டி எண்ணெய். அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிவதே இடையில் இருக்கும் கொழுப்பால்தான். மட்டன் பிரியாணியும் பட்டூராவும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் இதே இனம். இவற்றில் சோற்றை மட்டும் குறைக்க முடியாது, எண்ணெயை மட்டும் வடிக்கவும் முடியாது. விலக்க வேண்டாம், வாரத்தில் ஒரு வேளைக்கு ஒதுக்கினால் போதும்.

பிரித்து வைத்துக்கொள்ளக்கூடிய சாப்பாடுதான் அன்றாடத்துக்கு ஏற்றது. சிராங்கூன் சாலை கோமள விலாசில் ஒரு சாதா தோசை வாங்கினால் சாம்பாரை இரண்டாம் முறை கேட்கலாம், தேங்காய்ச் சட்னியை ஒரு கரண்டியோடு நிறுத்தலாம். நெய்த்தோசை, மசால் தோசை என்று ஏற ஏற மாவும் கொழுப்பும் சேர்ந்தே ஏறும். ரேஸ் கோர்ஸ் சாலை வாழை இலையில் முதல் முறையே ‘சோறு பாதி போதும்’ என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு மிச்சம் வைக்க நம் கை வராது. மீன்தலைக் கறியில் மீனையும் வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் எடுத்துக்கொண்டு, குழம்பைச் சோற்றில் குளமாக ஊற்றாமல் தொட்டுக்கொள்ளலாம்.

சோற்றோடு எதைச் சேர்க்கிறோம், எந்த வரிசையில் சாப்பிடுகிறோம் என்பதற்கும் பலன் இருக்கிறது. ஜெயக்குமார் ஹென்றி தலைமையில் சிங்கப்பூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக் குழு 2014இல் வெளியிட்ட முடிவு இது. வெறும் வெள்ளைச் சோறு சாப்பிட்டபோது, ரத்தச் சர்க்கரை ஏறுவதைக் காட்டும் கிளைசிமிக் குறியீடு 96. அதே சோற்றோடு கோழி, கடலை எண்ணெய், காய்கறி மூன்றும் சேர்ந்தபோது அது 50க்கு இறங்கியது. 2020இல் வந்த இன்னோர் ஆய்வில் காயை முதலிலும் இறைச்சியை அடுத்தும் சோற்றைக் கடைசியிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறியது. பொரியலை முதலில் காலி செய்வது செலவில்லாத வைத்தியம். ஒரு எச்சரிக்கை மட்டும்: எண்ணெய் சேர்ந்ததும் சர்க்கரை ஏறுவது குறையலாம், கலோரி குறையாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி.

வீட்டுச் சமையலில் முதல் இடம் தேங்காய்ப்பாலுக்கு. நாலு பேருக்கான குழம்பில் 200 மில்லி கெட்டிப்பால் ஊற்றினால் ஆளுக்கு ஏறத்தாழ 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நாளின் பங்கில் ஐந்தில் இரண்டு. அதில் பாதிப் பாலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டால் ருசி பெரிதாகக் கெடாது. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 15 சதவீதம், பாமாயிலில் பாதியளவு, தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல். அரிசியை முழுதாக மாற்ற வீட்டில் எதிர்ப்பு வந்தால், ஐந்தில் ஒரு பங்கு தவிட்டரிசியைக் கலந்து தொடங்கலாம் என்று வாரியத்தின் ஸீ யூங் காங்கே யோசனை சொன்னார். சைவக் குடும்பங்கள் புரதத்துக்குப் பருப்பை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தௌக்வாவும், புளிக்கவைத்த சோயாவான தெம்பேயும் மிளகுப் பொரியலுக்கும் புளிக்குழம்புக்கும் நன்றாகப் பொருந்துகின்றன. பொரித்த தெம்பேயை வாங்காமல் பச்சையாக வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியில் பானம். தே தாரிக்கில் தேநீரைவிட இனிப்பூட்டிய கெட்டிப்பாலின் பேச்சுதான் உரக்கக் கேட்கும். சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் சேர்ந்த பால் அது. சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் குறியீடும் இந்த இரண்டையும்தான் அளக்கிறது. 100 மில்லியில் சர்க்கரை 10 கிராமைத் தாண்டினாலும், நிறைவுற்ற கொழுப்பு 2.8 கிராமைத் தாண்டினாலும் கடைசித் தரமான ‘டி’. 2022 டிசம்பர் 30இல் பொட்டலப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் அது நடப்புக்கு வந்தது. காப்பிக் கடையில் ‘தே-சி கோசோங்’ என்றால் சர்க்கரை இல்லாத, ஆவியாக்கிய பால் சேர்த்த தேநீர். ‘தே-ஓ கோசோங்’ என்றால் பாலும் கிடையாது. ஒரேயடியாக மாற முடியாதவர்கள் ‘சியூ தாய்’ சொல்லி இனிப்பைக் குறைத்துத் தொடங்கலாம்.

2027 நடுவிலிருந்து இதே தரக்குறியீடு சமையல் எண்ணெய்க்கும் வருகிறது. அதுவரை முஸ்தஃபா கடை அடுக்கில் புட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் ‘நிறைவுற்ற கொழுப்பு’ வரியில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்து எடுங்கள்.