அம்மா பக்கம் 26, உன் பக்கம் 23

ஞாயித்துக்கிழமை ராத்திரி நீ போன்ல சொன்னது இன்னும் மனசுலயே நிக்குது. புதுக் கார்ல அம்மாவை ஆசையா திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கே. செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள அம்மா முட்டியைத் தடவ ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க பக்கம் 28 வெச்சே. உனக்கு வேர்த்துதுன்னு உன் பக்கம் 18 வெச்சே. கடைசி வரைக்கும் ரெண்டு பேருக்குமே சரிப்படல. "ரெண்டு பக்கமும் தனித்தனி ஏசின்னு சொல்லித்தானே வித்தாங்க, அக்கா?"ன்னு கேட்டே.

தனித்தனி ஏசி இல்லடி. அதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் சுலபம்.

உன் கார்ல கம்ப்ரஸர் ஒண்ணுதான். கூலிங் காயிலும் ஒண்ணுதான், காத்தைத் தள்ளற ப்ளோயரும் ஒண்ணுதான். டாஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கு. ப்ளோயர் தள்ளற காத்து மொத்தமும் முதல்ல கூலிங் காயில் வழியாப் போகும். அங்க நல்லா சில்லுன்னு ஆயிடும், அதுல இருக்கற ஈரமும் வடிஞ்சிடும். வண்டிக்கு அடியில சொட்டற தண்ணி அதுதான், அதைப் பார்த்து பயப்படாதே. அதுக்கப்புறம்தான் பெட்டியை நடுவுல ஒரு தடுப்பு போட்டு ரெண்டாப் பிரிச்சிருப்பாங்க. இடது பாதி ஒண்ணு, வலது பாதி ஒண்ணு. ஒவ்வொரு பாதியிலயும் ஒரு ஃப்ளாப், கதவு மாதிரி ஆடும். அது ஒரு பக்கமா முழுசா சாஞ்சா, குளிர்ந்த காத்து அப்படியே உன் முகத்துக்கு வரும். கொஞ்சம் திறந்தா, அதுல ஒரு பங்கு ஹீட்டர் காயில் வழியா சுத்திப் போய், சூடாகி வந்து கலக்கும். ஹீட்டர் காயிலுக்குள்ள ஓடறது எஞ்சினைக் குளிர வெக்கற தண்ணி. எஞ்சின் சூடானதும் அது 90 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும்.

சின்ன வயசுல அம்மா நமக்கு எண்ணெய்க் குளியலுக்கு விளாவினது ஞாபகம் இருக்கா? அடுப்பு மேல ஒரே அண்டா, தொட்டியில ஒரே பச்சைத் தண்ணி. ஆனா உனக்கு ஒரு வாளி, எனக்கு ஒரு வாளி. உனக்குச் சூடு ஆகாது, ரெண்டு சொம்பு வெந்நீர்தான் ஊத்துவாங்க. எனக்கு நாலு சொம்பு. புறங்கையை உள்ள விட்டுப் பார்த்துட்டு, ஒண்ணுல இன்னும் அரைச் சொம்பு. உன் காரும் அதையேதான் பண்ணுது. தண்ணிக்குப் பதிலா காத்து, அம்மா கைக்குப் பதிலா ரெண்டு ஃப்ளாப், அதை ஆட்டறதுக்கு ஆளுக்கொரு சின்ன மோட்டார்.

அதனால அம்மா பக்கம் 26 வெச்சா, அந்தப் பக்கம் ஏசி குறைவா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. அதே குளிர் காத்துல கொஞ்சம் வெந்நீர்ச் சூட்டை விளாவித் தருது, அவ்வளவுதான். காருக்கு நடுவுல சுவர் கிடையாது. உன் பக்கத்துக் காத்து அம்மா பக்கமும், அம்மா பக்கத்துக் காத்து உன் பக்கமும் போய்க்கிட்டேதான் இருக்கும். நான் ஓட்டின வரைக்கும் மூணு டிகிரி வித்தியாசம்னா ரெண்டு பேருக்கும் நிம்மதியாத் தெரியும். பத்து டிகிரி வித்தியாசம் வெச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து மல்லுக்கட்டும், யாருக்கும் கேட்டது கிடைக்காது. உனக்கு நடந்தது அதுதான். அம்மா பக்கம் 26, உன் பக்கம் 23. இதை வெச்சுட்டு கால்மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு.

கால்மணி நேரம்னு ஏன் சொல்றேன்னா, ஆட்டோ பட்டனை அழுத்தின கார்ல நீ போடற நம்பர், வென்ட்ல வர்ற காத்தோட சூடு இல்ல. காருக்குள்ள போய்ச் சேர வேண்டிய இடம் அது. வெயில்ல நின்ன கார்ல 23 போட்டாலும் 18 போட்டாலும், ஆரம்பத்துல ரெண்டுலயும் ஃப்ளாப் முழுக் குளிர்லதான் நிக்கும், ப்ளோயரும் முழு வேகத்துலதான் ஓடும். 18 போட்டா சீக்கிரம் குளிராது, போய் நிக்கற இடம்தான் மாறும். அப்புறம் நடுங்கிட்டு 28-க்குத் தாவுவோம். இப்படி நம்பரை மட்டும் சொல்லிட்டு மிச்சத்தைக் காரே பார்த்துக்கற வசதி 1964-லயே அமெரிக்காவுல கேடிலாக் கார்ல வந்துடுச்சு. நம்ம ஊர்ல இந்த ரெண்டு பக்க ஏசி ரொம்ப நாள் பெரிய கார்கள்லதான் இருந்துது. 2019-ல மஹிந்திரா எக்ஸ்யூவி300 வந்தப்போதான் நாலு மீட்டருக்குள்ள இருக்கற கார்லயும் பார்த்தோம். 2024-ல வந்த கிரெட்டாவுலயும் கொடுத்தாங்க. இன்னைக்கு நிறைய வீட்டுல இந்தப் பட்டன் இருக்கு, ஆனா வாங்கற அன்னிக்கு யாரும் உக்கார வெச்சு விளக்கறதில்ல. அது எனக்கு வருத்தமாவே இருக்கு.

இப்போ புறங்கை விஷயத்துக்கு வர்றேன். அம்மா தண்ணியைத் தொட்டுப் பார்ப்பாங்க, காருக்குத் தொட்டுப் பார்க்க சென்சார். முன் பம்பருக்குப் பின்னாடி ஒண்ணு வெளிச்சூட்டைப் பார்க்கும். ஸ்டியரிங் பக்கத்துலயோ டாஷ்போர்டுலயோ சின்னதா கம்பி வலை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், பாரு, அதுக்குப் பின்னாடி இருக்கறது உள்சூட்டைப் பார்க்கும். டாஷ்போர்டு மேல, முன் கண்ணாடி ஓரத்துல, சட்டைப் பொத்தான் அளவுல கறுப்பா ஒரு குமிழ் இருக்கும். அது வெயில் சென்சார். ரெண்டு பக்க ஏசி இருக்கற பல கார்கள்ல, எந்தப் பக்கம் வெயில் அதிகம்னு கூட அது பிரிச்சுப் பார்க்கும்.

உன் கார் டெலிவரி எடுத்த அன்னிக்கு வந்த போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். பிள்ளையாரை எங்க ஒட்டியிருக்கே? நேரா அந்தக் குமிழ் மேல! பக்கத்துலயே டிஷ்யூ பெட்டி வேற. வெயில் கொளுத்தறப்போ கார் நிழல்ல நிக்கறதா நினைச்சுக்கும், குளிரைக் கூட்டாது. பிள்ளையாரை நாலு விரல் தள்ளி நடுவுல வை. உள்சூடு பார்க்கற ஓட்டையில தூசி அடைக்காம மாசம் ஒரு தடவை மெல்லிசான பிரஷ்ஷால தட்டி விடு. போன் ஸ்டாண்டை அது மேல மாட்டிடாதே.

வெயில் எந்தப் பக்கம் விழும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோ. சென்னையில இருந்து திருச்சிக்குக் காலையில போனா சூரியன் இடது பக்கம், அதாவது அம்மா மேல. மதியத்துக்கு மேல போனா வலது பக்கம், ஓட்டற உன் மேல. திரும்பி வர்றப்போ தலைகீழ். உனக்குத் திடீர்னு வேர்த்தா ஏசி கெட்டுப் போச்சுன்னு நினைக்காதே. ஒரு டிகிரி குறை, பக்கத்து ஜன்னலுக்கு நிழல் வருதான்னு பாரு.

அம்மா முட்டிக்கு நம்பரை விட காத்து போற திசைதான் முக்கியம். பெரும்பாலான கார்கள்ல சூடு-குளிர்தான் ரெண்டு பக்கத்துக்கும் தனி. காத்தோட வேகம் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான், நீ மூணுல வெச்சா அவங்களுக்கும் மூணுதான். அதனால அம்மா பக்கத்து வென்ட்டைப் பாதி மூடி, மேல கூரையைப் பார்த்துத் திருப்பி விடு. குளிர்ந்த காத்து தானா கீழ இறங்கும், அவங்க மேல நேரா அடிக்காது. காலுக்குப் போற காத்தை நிறுத்திடு. அந்தக் கால் வென்ட்தான் அவங்க முட்டியை இப்படிப் பண்ணியிருக்கும்னு நினைக்கிறேன். பின்சீட்டுக்கு வென்ட் இருக்கறதாலயே அது மூணாவது தனிப் பகுதி ஆயிடாது. தனியா நம்பர் வெக்கற பட்டன் பின்னாடி இருந்தாத்தான் அது தனி.

நீ ஒருத்தியா ஆபீஸ் போறப்போ சிங்க் பட்டனை அழுத்திடு, ரெண்டு பக்கமும் உன் நம்பருக்கே வந்துடும். ஆளில்லாத பக்கம் மாப்பிள்ளை வெச்ச 18-லயே கிடந்தா, கூலிங் காயில் அந்த 18-க்காக உழைச்சுக்கிட்டே இருக்கும், உன் பக்கம் அதையே சூடு பண்ணி விளாவிக்கிட்டு இருக்கும். மாப்பிள்ளை எலெக்ட்ரிக் கார் பார்க்கறதாச் சொன்னாரே, அதுல இன்னும் கவனம் வேணும். அங்க எஞ்சின் வெந்நீர் கிடையாது, விளாவற சூடும் பேட்டரியில இருந்துதான் வரணும்.

என் கார் விஷயம் உனக்கு முழுசாத் தெரியாது. போன மே மாசம் என் பக்கம் சில்லுன்னு, உன் மாமா பக்கம் அனல். கூடவே டாஷ்போர்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம். வண்டி ஸ்டார்ட் பண்ணின உடனே டிக் டிக் டிக்னு பல்லி கத்தற மாதிரி கொஞ்ச நேரம், அப்புறம் நின்னுடும். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். கேஸ் கம்மின்னு ஏத்தினாங்க. மறு வாரமே பழைய கதை. திரும்பவும் கேஸ். நான் மனசு நொந்து வேற இடத்துக்குக் கொண்டு போனேன். அங்க ஒரு சின்னப் பையன், இருபது வயசு கூட இருக்காது, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். குளோவ் பாக்ஸைக் கழட்டினான், கையை உள்ள விட்டு ஒரு கறுப்பு மோட்டாரை வெளிய எடுத்தான், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. அதைப் பிரிச்சு என் உள்ளங்கையில வெள்ளை பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒண்ணு வெச்சான். ரெண்டு பல் போயிருந்துது. "இதான் மேடம், ஃப்ளாப்பைத் திருப்பப் பார்க்குது, முடியல, வழுக்குது"ன்னான். புதுசு மாட்டினதும் அரைமணி நேரத்துல சரியாயிடுச்சு.

அதனால ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் சூடுன்னா நீயே முதல்ல இதைப் பாரு. ரெண்டு பக்கத்தையும் லோ-வுல வை. அப்புறம் ஒவ்வொண்ணா ஹை-க்குக் கொண்டு போ. ஒரு பக்கம் அசையவே இல்ல, இல்லேன்னா டிக் டிக் சத்தம் வருதுன்னா, சந்தேகம் ஃப்ளாப் மோட்டார் மேலதான். ரெண்டு பக்கமும் மாறுது, ஆனா லோ-வுல வெச்சும் ஒரு பக்கம் மட்டும் குளிர் மந்தம்னா, அது கேஸ் குறைஞ்சதாவும் இருக்கலாம். கேஸ் குறைஞ்சா காயில் முழுக்க ஒரே மாதிரி குளிராது, ஒரு ஓரம் சூடாவே நிக்கும். அப்பவும் கேஜ் மாட்டி பிரஷர் பார்க்கச் சொல்லு, பார்க்காம ஏத்த விடாதே. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகற பொருள் இல்ல. நல்லாக் குறைஞ்சிருக்குன்னா எங்கயோ கசியுது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்கணும். எத்தனை கிராம் ஏத்தணும்னு பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், அதைப் படிச்சுக் காட்டு.

பேட்டரியைக் கழட்டி மாட்டின பிறகு ரெண்டு பக்கமும் கோளாறாத் தெரிஞ்சா உடனே பதறாதே. சில கார்கள்ல ஃப்ளாப்கள் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு மோட்டார் மறந்துடும். இக்னிஷனைப் போட்டு, ஏசி பட்டன் எதையும் தொடாம ரெண்டு நிமிஷம் விடு, பெரும்பாலும் தானே தேடிக் கண்டுபிடிச்சுக்கும்.

மத்ததெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான். வெயில்ல நின்ன காரை எடுத்தா முதல்ல நாலு கண்ணாடியும் இறக்கி அனலை விரட்டு, அப்புறம் உள்காத்தையே சுத்த விடு. நீண்ட தூரம் போறப்போ அரைமணிக்கு ஒரு தடவை வெளிக்காத்தைத் திற, இல்லேன்னா மூடின கார்ல தூக்கம் கண்ணைக் கட்டும். கேபின் ஃபில்டர் குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடிதான், வருஷத்துக்கு ஒண்ணு மாத்திடு. வீடு வர ரெண்டு நிமிஷம் இருக்கறப்போ ஏசி பட்டனை மட்டும் அணைச்சு ப்ளோயரை ஓட விட்டா காயில் காயும், அந்த ஈரத் துணி நாத்தம் வராது.

ஊட்டிக்குப் போறப்போ ஒரு விஷயம். மலை மேல கண்ணாடி உள்பக்கம் ஆவி படியும். அப்போ ஏசியை நிறுத்தாதே. காத்தை முன் கண்ணாடிக்குத் திருப்பு, வெளிக்காத்தைத் திற, ரெண்டு பக்கமும் சூட்டை ஏத்து, ஏசியும் ஓடட்டும். கூலிங் காயில் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் காயில் அதே காத்தைச் சூடாக்கும், கண்ணாடி ஒரு நிமிஷத்துல தெளிஞ்சிடும். சென்னையில மழைக்கப்புறம் வெளிப்பக்கம் படிஞ்சா கதையே வேற. கண்ணாடி அதிகமாக் குளிர்ந்துட்டதுனால வர்றது அது. வைப்பரைப் போடு, குளிர்க் காத்து கண்ணாடியில படாமத் திருப்பு, ரெண்டு டிகிரி ஏத்து.

அடுத்த வாரம் அம்மாவைத் திரும்பக் கூட்டிட்டு வர்றப்போ சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கிளம்புவேன்னியே, அப்போ வெயில் இடது பக்கம், அம்மா மேலதான் விழும். வெயில் சென்சார் பிள்ளையாருக்கு அடியில இல்லாம இருந்தா அவங்க பக்கம் அதுவே கொஞ்சம் குளிரைக் கூட்டிக்கும். விழுப்புரம் தாண்டி வெயில் சாஞ்ச பிறகு "குளிருதுடி"ம்பாங்க. அப்போ நம்பரைத் தொடாதே, முதல்ல வென்ட்டை மேல திருப்பு. பின்சீட்டுல அந்த நீலச் சால்வையை மறக்காம எடுத்து வை.