கத்தரிக்கும் ஆவாரைக்கும் ஒரே வண்டு

கேள்வி: முக்கால் ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறோம். பூ நிறைய வைக்கிறது. பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துபோகிறது. வேலியோரம் ஆவாரை வைத்தால் தேனீ வரும் என்றார்கள். விதை பறித்து வந்து போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. என்ன செய்ய, ஐயா?
– வாசகி, குச்சனூர்

பதில்: முதலில் கத்தரிப் பூவைப் பாருங்கள் அம்மா. நடுவிலுள்ள மஞ்சள் கூம்பைத் தாண்டிப் பச்சைக் குச்சி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கக்கூடிய பூ. குச்சி உள்ளுக்குள்ளேயே குட்டையாக இருந்தால் எந்த வண்டு வந்தாலும் உதிரத்தான் செய்யும், அதற்குக் கவலைப்படாதீர்கள். நீட்டிய குச்சியுள்ள பூவும் கொட்டினால், வெயிலும் உரமும் ஒருபுறம் இருக்க, வண்டு வரத்தையும் கவனிக்க வேண்டும்.

கத்தரியின் மகரந்தப்பை திறந்து கொட்டாது. நுனியில் ஊசித்துளை மாதிரி ஓட்டை. வண்டு பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கையை விரிக்காமலே ‘ர்ர்ர்’ என்று உடம்பை அதிரவைத்தால்தான் தூள் வெளியே வரும். உத்திரத்தைத் துளைக்கிற பெரிய கருவண்டும், மண்சுவரில் வளை தோண்டுகிற நீலப்பட்டைத் தேனீயும் இதில் கெட்டி. பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆவாரம்பூவும் இதே ரகம். அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. ஆக, தேனீப் பெட்டிக்காக ஆவாரை வைக்காதீர்கள், கருவண்டுக்காக வையுங்கள். அதற்குத் தேன் எருக்கில் கிடைக்கும். வேலியோரத்து எருக்கை வெட்டாமல் விடுங்கள். பட்டுப்போன மரக்கட்டை ஒன்றிரண்டும் கிடக்கட்டும், கூடு அதில்தான். அடுக்குத் தேனீக்கு ஏதாவது செய்யவேண்டுமென்றால் தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள், போதும்.

விதை முளைக்காததற்குக் காரணம் அதன் தோல். தண்ணீரே உள்ளே போகாது. நன்றாகக் காய்ந்து பழுப்பான காயிலிருந்து விதை எடுத்து, கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதையுங்கள். உப்பாததை மணலோடு சேர்த்துத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். ஐப்பசி மழைக்கு முன்பாக, மூன்றடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை என்று நேரடியாகவே ஊன்றுங்கள். நெல் வரப்பில் வேண்டாம், ஈரம் தேங்கினால் அழுகும். மேட்டுப்பாங்கான செம்மண் ஓரமே அதற்கு லாயக்கு. வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது.

இலையில் பச்சைப் புழு வந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். வெளிர்பச்சையாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. தின்ற இலை திரும்பத் துளிர்க்கும். கத்தரிக்கு மருந்து அடித்தே ஆகவேண்டிய நாளில், வண்டு அடங்கிய பிறகு, பொழுதுசாய அடியுங்கள். காலையில் அடித்தால் ஆவாரை வைத்ததே வீண்.

பொங்கல் காப்புக் கட்ட ஊரே வந்து ஒடிக்கும். ஒடிக்கட்டும், வெட்ட வெட்டத் தழைக்கிற செடி.

நர்சரியில் ‘சீக்கிரம் வளரும்’ என்று மஞ்சள்கொன்னைக் கன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த அந்த மரம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, வனத்துறை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பின்னால் மேகமலை இருக்கிறது, வாங்காதீர்கள்.