299 ரிங்கிட் திறன்பேசியின் உண்மை விலை



போன வாரம் படிவம் நான்கு மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்ததும் ஒரு விளம்பரத் தாளோடு என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், இந்த போன் வெளியே 1,400 வெள்ளி. ஒப்பந்தத்துல எடுத்தா 299 தான். அம்மா சனிக்கிழமை கையெழுத்துப் போடப் போறாங்க. நல்ல விலைதானே?" என்றாள். மாதம் 78 ரிங்கிட் போஸ்ட்பெய்ட் திட்டம், 100 ஜிகாபைட் தரவு, 24 மாத ஒப்பந்தம். '1,101 ரிங்கிட் கழிவு' என்பது மட்டும் தாளில் மிகப் பெரிய எழுத்தில் இருந்தது.

பதில் சொல்ல எனக்கு இன்னும் ஓர் எண் தேவைப்பட்டது. அது அந்தத் தாளில் எங்கும் இல்லை. அவளுடைய கைப்பேசிக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

மாதக் கட்டணம் 78 ரிங்கிட் என்றாலும் ரசீதில் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும். ஆக 82.68 ரிங்கிட். 24 மாதத்திற்கு 1,984.32. கடையில் கட்டும் 299-ஐயும் கூட்டினால் மொத்தம் 2,283.32 ரிங்கிட். அம்மா கையெழுத்திடப் போவது இந்தத் தொகைக்குத்தான், 299-க்கு அல்ல. மலேசியாவில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்பதால், பொறுப்பு முழுவதும் பெற்றோர் தலையில்தான் விழும். பாதியில் விட்டால் அபராதமும் அவர்கள் பெயருக்கே வரும்.

இந்த 2,283-ஐ எதோடு ஒப்பிடுவது? தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' படித்தது நினைவிருக்கிறதா? எதை ஒப்பிடுகிறோமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே அளவில் வைக்க வேண்டும். இங்கே திறன்பேசியும் கால அளவும் மாறக்கூடாது. அதே பேசியை 1,400 ரிங்கிட் கொடுத்து வாங்கி, அவள் இப்போது போடும் மாதம் 35 ரிங்கிட் பிரிபெய்ட்டையே தொடர்ந்தால், 24 மாதத்தில் 1,400 + 840 = 2,240 ரிங்கிட்.

வித்தியாசம் வெறும் 43.32 ரிங்கிட், அதுவும் ஒப்பந்தம்தான் கூடுதல்! 1,101 ரிங்கிட் கழிவு எங்கே போனது?

மாதக் கட்டணத்தில் கரைந்துவிட்டது. கழிவை 24-ஆல் வகுத்துப் பாருங்கள்: மாதத்திற்கு 45.88 ரிங்கிட் வருகிறது. ஒப்பந்தத் திட்டத்திற்காக அவள் கூடுதலாகக் கட்டப்போவது 82.68 – 35 = 47.68. கூடுதல் கட்டணம் 45.88-க்குக் கீழே இருந்தால் ஒப்பந்தம் லாபம், மேலே போனால் நட்டம். அவ்வளவுதான் சூத்திரம். அந்த 78 ரிங்கிட் திட்டம் எப்படியும் தேவைப்படுகிற ஒருவருக்கு 1,101 ரிங்கிட் கழிவு முழுக்க முழுக்க உண்மை. 35 ரிங்கிட் திட்டமே போதும் என்பவருக்கு அது வெறும் எழுத்து.

ஆகவே கேள்வி இதுதான்: உனக்கு எவ்வளவு தரவு தேவை? "மாசம் 50 ஜிபியாவது ஆகும் டீச்சர்" என்றாள். ஊகம் வேண்டாம், அளந்து வா என்று அனுப்பினேன். சனிக்கிழமைக் கையெழுத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லி அம்மாவுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்.

அளப்பது எளிது. எந்தத் திறன்பேசியிலும் அமைப்புகள் பகுதிக்குள் தரவுப் பயன்பாடு பதிவாகிறது. இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, 14 நாள் கழித்து மீண்டும் பாருங்கள். வைஃபை கணக்கையும் சிம் அட்டைக் கணக்கையும் தனித்தனியாக எழுத வேண்டும்; இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பள்ளி நாள்களும் வார இறுதிகளும் கலந்திருக்கட்டும். விடுமுறையில் மட்டும் அளந்தால் எண் வீங்கிவிடும்.

ஏன் நம் ஊகம் இப்படித் தவறுகிறது? தரவைத் தின்பது காணொளி. ஒரு காணொளி வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்திற்கு 3,600 வினாடி, 18,000 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், எனவே 8-ஆல் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது 2.25 ஜிகாபைட். அதே காணொளியைத் தரம் குறைத்து வினாடிக்கு 1 மெகாபிட்டில் பார்த்தால் 0.45 ஜிகாபைட்தான். வேகத்தை பிட்டிலும் கொள்ளளவை பைட்டிலும் சொல்வது வழக்கம். இந்த எட்டு மடங்கைக் கவனிக்காதவர்கள்தான் கடையில் திணறுவார்கள். காணொளியை நாம் பெரும்பாலும் பார்ப்பது எங்கே? வீட்டில், வைஃபையில். பள்ளி நேரத்திலோ கைப்பேசியே கையில் இல்லை.

'வரம்பற்ற தரவு' என்ற சொல்லையும் இதே கணக்கால் சோதிக்கலாம். சில திட்டங்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அது வினாடிக்கு 512 கிலோபிட் என்றால், 64 கிலோபைட். 3 மெகாபைட் படம் ஒன்றை அனுப்ப ஏறக்குறைய 47 வினாடி காத்திருக்க வேண்டும். தரவுக்கு வரம்பில்லைதான், பொறுமைக்கு உண்டே!

மாணவி திரும்பி வந்தாள். 14 நாளில் வைஃபையில் 31 ஜிகாபைட், சிம் அட்டையில் 5.6 ஜிகாபைட். நாளுக்கு 0.4, மாதத்திற்கு 12. அவளது 35 ரிங்கிட் பிரிபெய்ட்டில் ஏற்கெனவே 25 ஜிகாபைட் இருக்கிறது.

இதனால் ஒப்பந்தமே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1,400 ரிங்கிட்டை ஒரே தடவையில் எடுத்து வைக்க எல்லா வீட்டிலும் முடியாது. 1,101 ரிங்கிட்டை 24 மாதத்திற்குப் பிரித்துக் கட்ட 43 ரிங்கிட் கூடுதல் என்றால், அது கடன் வாங்கியதற்கான வட்டி மாதிரி. பெரிய தொகை அல்ல. ஆனால் 900 ரிங்கிட்டில் ஒரு பேசி போதும் என்று தோன்றினால் மொத்தச் செலவு 1,740 ஆகிவிடும். 543 ரிங்கிட் மிச்சம். அந்த 1,400 ரிங்கிட் பேசி தருவதில் எது தனக்கு உண்மையில் வேண்டும் என்பதை அவளும் அம்மாவும்தான் முடிவு செய்ய வேண்டும். அது கணக்கு ஆசிரியர் வேலையும் இல்லை, அறிவியல் ஆசிரியர் வேலையும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படியோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். 15-ஆம் மாதம் பேசி கீழே விழுந்து திரை நொறுங்கியது. மீதி 9 மாதம், இல்லாத பேசிக்குப் பணம் கட்டினேன். யாரையும் குறை சொல்ல முடியாது. நான் படிக்காமல் போட்ட கையெழுத்து.

காலம் என்றதும் மின்கலத்தையும் பார்க்க வேண்டும். லித்தியம் அயனி மின்கலம் பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவு இழக்கும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் மின்கலம், உகந்த சூழலில் 500 முழுச் சுழற்சிக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் அது 1,000 சுழற்சி. இன்று 60 விழுக்காடு, நாளை 40 விழுக்காடு செலவழித்தால் சேர்ந்து ஒரு சுழற்சி. நாளுக்கு 70 விழுக்காடு செலவழிப்பவருக்கு 500 சுழற்சி 714 நாளில் முடிந்துவிடும். ஏறக்குறைய 24 மாதம். வெயிலில் நிற்கும் காருக்குள் பேசியை விட்டுச் செல்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம், ஏனென்றால் வெப்பம் மின்கலத்தின் எதிரி. ஆகவே 36 மாத ஒப்பந்தம் என்றால் மின்கலம் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு. கையெழுத்துக்கு முன், அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினரை வீட்டுக்கு வரச்சொல்லி, நீங்கள் படிக்கும் அறையில் அலைவரிசை கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் திட்டம் தானாக நிற்காது. 25-ஆம் மாதமும் 82.68 ரிங்கிட் ரசீது வரும். அந்தத் தேதியை நாள்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.

உங்கள் பயிற்சிக்கு: 1,100 ரிங்கிட் திறன்பேசி ஒன்று 36 மாத ஒப்பந்தத்தில் முன்பணம் இல்லாமல் கிடைக்கிறது. மாதம் 58 ரிங்கிட், வரி தனி. ஒப்பந்தம் இல்லாவிட்டால் உங்களுக்கு மாதம் 38 ரிங்கிட் பிரிபெய்ட் போதும். எது லாபம், எவ்வளவு? 254.72 ரிங்கிட் என்று விடை வந்தால் சரி. எந்தப் பக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. கண்டுபிடித்த பிறகு, 36 மாதம் கழித்து நீங்கள் எந்த ஊரில், என்ன படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று யோசித்துவிட்டு, அதே விடையைத்தான் அப்பாவிடமும் சொல்வீர்களா என்று பாருங்கள்.