வில் செய்தல்

வேப்பங்கொம்பு ஒன்றை ஒடித்து, இரு முனைகளிலும் கயிற்றைக் கட்டி, வில்லென்று விளையாடாத சிறுவர் இலர். அவ்வில் சில நாழிகையில் ஓரிடத்தில் மட்டும் மிகுதியாக மடங்கும்; பின்னர் அங்கேயே முறியும். கொம்பு முழுவதும் தன் தன் பங்கிற்கு வளைந்திருந்தால் முறிவுக்கு இடமிராது. மரத்தின் எப்பகுதியும் சோம்பியிராமல், எப்பகுதியும் அளவுக்குமேல் வருந்தாமல் வளையச் செய்தலே வில் செய்வோனின் தொழில் ஆகும்.

இங்கிலாந்தில் இத்தொழில் பல நூற்றாண்டுகள் சிறந்து விளங்கியது. ஆளுயரத்தை விஞ்சிய அந்நாட்டு நெடுவில், 'யூ' என்னும் மரத்தால் ஆனது. குளிர்ந்த மலைப்பகுதிகளில் மெல்ல வளர்ந்து, இழை நெருங்கிய யூ மரமே இதற்கு ஏற்றது. ஆதலின் அதனைப் பிற நாடுகளினின்றும் வரவழைத்தனர். சரக்கேற்றி வரும் வணிகர், டன் ஒன்றுக்கு நான்கு வில்மரங்கள் கொண்டுவருதல் வேண்டும் என்று 1472ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது!

யூ மரத்தின் வெளிப்பகுதி வெளுத்த நிறமுடையது. இதனை வெளிறு என்பர். உட்பகுதி செந்நிறமான வயிரம். வில் வளையும்போது எய்வோனுக்கு அப்பால் உள்ள புறப்பக்கம் நீள்கின்றது; அவனை நோக்கிய அகப்பக்கம் நெருங்கிச் சுருங்குகின்றது. வெளிறு இழுப்பைத் தாங்க வல்லது. வயிரம் நெருக்கத்தைத் தாங்க வல்லது. எனவே, புறத்தில் வெளிறும் அகத்தில் வயிரமும் அமையுமாறு மரத்தைப் பிளந்தெடுப்பர். புறத்தே இழை அறுபடலாகாது. அறுந்த இழையிலிருந்து வில் பிளவுபடும். ஆகவே, வில்லின் வளைவைச் சீர்செய்யும் வேலை பெரும்பாலும் அகப்பக்கத்திலேயே நிகழும்.

பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளை வில்லின் கைகள் எனக் கொள்வோம். இவற்றைப் பிடியிலிருந்து முனைவரை சிறிது சிறிதாக மெலியுமாறு சீவியபின், உண்மையான வேலை தொடங்குகின்றது. நிமிர்ந்த கட்டையொன்றின் உச்சியில் வில்லின் பிடியைப் பொருத்தி, நாணைக் கீழே இழுத்து, கட்டையில் வெட்டியுள்ள படிகளுள் ஒன்றில் மாட்டுவர். பின்னர்ச் சற்று விலகி நின்று, இரு கைகளின் வளைவையும் ஒப்பிட்டு நோக்குவர். இதற்குக் கண்ணே முதற்கருவி, கத்தி இரண்டாவதுதான்.

வளையாது விறைத்து நிற்கும் இடத்தைக் கரியால் குறித்துக்கொண்டு, அங்கு மட்டும் மரத்தைச் சுரண்டுவர். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடுவதே இல்லை. அதன் இரு பக்கங்களிலும் சுரண்டி, அதன் சுமையை அண்டையிலுள்ள மரமும் ஏற்கச் செய்வர். ஒவ்வொரு முறை சுரண்டியபின்னும் நாணைப் பலமுறை மெல்ல இழுத்து விடுதல் வேண்டும். அப்பொழுதுதான் மரம் புதிய அளவுக்குப் பழகித் தன் உண்மையான வளைவைக் காட்டும். குறை தென்பட்டவுடன், அதனைத் திருத்தாமல் மேலும் இழுத்தலாகாது. இழுத்தால் நலிந்த இடத்தின் அகப்பக்கத்தில் நுண்ணிய மடிப்புகள் விழும். அவ்வாறு மடிந்த இழை மீண்டும் வலுப்பெறுவதில்லை.

இவ்வளவு நிதானம் எதற்கு என்று வினவலாம். மரத்தின் விறைப்பு, அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிப்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். சுரண்டிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது. ஒரு கையில் கத்தி சற்று ஆழ்ந்துவிட்டால், மற்றக் கையையும் அதற்கு ஒப்ப மெலியச் செய்தல் வேண்டும். போர்வில்லாக எண்ணித் தொடங்கியது சிறுவர் வில்லாக முடியும்.

இரு கைகளும் முற்றிலும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. அம்பு, பிடித்த கைக்கு மேலே செல்வதால், நெடுவில்லின் பிடி நடுவிற்குச் சற்றுக் கீழே அமைகின்றது. அதனால் கீழ்க்கை சிறிது குறுகும். குறுகிய கை மிகுதியாக வருந்தும். ஆகவே அதனைச் சற்று விறைப்பாக விடுவர். கணு உள்ள இடத்திலும் அழகு கருதி மட்டமாக இழைப்பதில்லை. அங்கே மரம் சிறிது புடைத்தே நிற்கும்.

1545ஆம் ஆண்டு வெளியான ஒரு நூலில், ரோஜர் ஆஸ்கம் என்னும் ஆங்கிலப் புலவர் இதுபற்றி ஓர் அறிவுரை கூறுகின்றார். வாங்கிய வில்லால் சிலகாலம் எய்து பழகியபின், அதனைத் தேர்ந்த தொழிலாளனிடம் மீண்டும் கொடுத்து, எங்கும் ஒத்து வளையுமாறு செப்பஞ்செய்துகொள்ளுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. கடையில் வாங்கியவுடன் வில் முற்றுப்பெற்றதாக அவர் எண்ணவில்லை.

அதே 1545ஆம் ஆண்டில் 'மேரி ரோஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே மூழ்கியது. அதன் உடற்பகுதி 1982ஆம் ஆண்டில் கடலடியிலிருந்து மேலே கொணரப்பட்டது. அக்கப்பலினின்றும் நூற்றுக்கு மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்துள்ளன. அவை பெரும்பாலும் ஆறடிக்கு மேற்பட்ட நீளமுடையவை. கடற்சேற்றில் நானூறு ஆண்டுகளுக்குமேல் கிடந்தும், அவற்றுள் பலவற்றில் கணுக்கள் புடைத்து நிற்பதையும், கருவி சென்ற தடங்களையும் இன்றும் காணலாம்.